ஹெச்டாப் ஓர் எண் சொல்கிறது, என் கருவி வேறோர் எண் சொல்கிறது: எது சரி?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். லினக்ஸில் சிபியு, மெமரி, டிஸ்க், வெப்பநிலை, ஜிபியு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் கட்டளைவரிக் கருவி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். எந்த மொழி நல்லது, எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்கலாம், திரையை எப்படி அமைக்கலாம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: ஹெச்டாப் (கணினியின் சுமையை டெர்மினலில் காட்டும் பிரபலமான கருவி) காட்டும் சதவீதமும் உங்கள் கருவி காட்டும் சதவீதமும் ஒத்துவரவில்லை, எதை நம்புவது என்று தெரியவில்லை. நீங்கள் உண்மையில் கேட்பது இந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். பல வருடங்களாக சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கருவிகளை எழுதியும் இருக்கிறேன், அவற்றால் ஏமாந்தும் இருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் லினக்ஸுக்கு மட்டும். விண்டோஸிலும் மேக்கிலும் அளவுகள் வரும் வழியே வேறு.

லினக்ஸின் மையமான கர்னல் எங்கேயும் "சிபியு இப்போது 25 சதவீதம்" என்று எழுதி வைப்பதில்லை. கர்னல் தன் கணக்குகளைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் (/proc) அடைவில் உள்ள ஸ்டாட் கோப்பைத் திறந்தால், கணினியைப் போட்டதிலிருந்து சேர்ந்துகொண்டே வரும் எண்கள்தான் இருக்கும்: யூசர் (நிரல்கள் ஓடிய நேரம்), நைஸ், சிஸ்டம், ஐடில் (சிபியு சும்மா இருந்த நேரம்), ஐஓவெயிட் என்று வரிசையாக. பெரும்பாலான கணினிகளில் ஓர் அலகு என்பது நொடியில் நூறில் ஒரு பங்கு. இரண்டு முறை படித்துக் கழித்தால்தான் சதவீதம் கிடைக்கும். நான்கு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள கணினியில் சரியாக ஒரு நொடி இடைவெளி விட்டுப் படித்தால் எல்லாப் பத்திகளின் வித்தியாசத்தையும் கூட்டும்போது ஏறக்குறைய 400 வர வேண்டும். அதில் ஐடில் 300 கூடியிருந்தால் பயன்பாடு 25 சதவீதம். இந்த 400 என்ற கூட்டுத்தொகையை உங்கள் கருவியில் முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வரில் அது 400-ஐத் தாண்டிப் போனால், கெஸ்ட் (மெய்நிகர் கணினிகளுக்காக ஓடிய நேரம்) பத்தியை இரண்டு முறை கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கெஸ்ட் நேரம் ஏற்கனவே யூசருக்குள் அடங்கியிருக்கிறது.

இதிலிருந்தே ஒரு விஷயம் தெரியும். முதல் முறை படித்தவுடன் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. விஎம்ஸ்டாட் என்ற கட்டளை காட்டும் முதல் வரி கணினியைப் போட்டதிலிருந்தான சராசரி; அதைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. பைத்தானின் பிஎஸ்யூட்டில் லைப்ரரியில் இடைவெளி கொடுக்காமல் சிபியு சதவீதத்தை முதல் முறை கேட்டால் 0.0 வரும். அது அர்த்தமில்லாத எண், விட்டுவிடுங்கள் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஆனால் ஒருமுறை ஓடி ஒரே ஓர் எண்ணை அச்சிட்டு முடிந்துவிடும் ஸ்கிரிப்டில் அந்த 0.0 மட்டும்தான் வெளியே வரும். "சர்வர் சும்மாதான் இருக்கிறது" என்று பார்த்தவர் நம்பிவிடுவார்.

உங்கள் எண்ணுக்கும் ஹெச்டாப் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நான் சந்தேகப்படும் காரணங்கள் மூன்று. முதலாவது இடைவெளி: ஹெச்டாப் வழக்கமாக ஒன்றரை நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும், அதே போன்ற டாப் கருவி மூன்று நொடிக்கு ஒருமுறை. நீங்கள் அரை நொடி வைத்திருந்தால் மூன்றும் மூன்று வெவ்வேறு காலத்துண்டுகளின் சராசரிகள். மூன்றுமே சரியாக இருக்கலாம். இரண்டாவது, ஐஓவெயிட்டை நீங்கள் எந்தப் பக்கம் சேர்த்தீர்கள் என்பது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் சிபியு வேலை எதுவும் செய்யவில்லை, ஆகவே ஐடிலோடு சேர்ப்பதுதான் வழக்கம். பயன்பாட்டோடு சேர்த்தால் டிஸ்க் திணறும்போதெல்லாம் உங்கள் எண் எகிறும். இந்த ஐஓவெயிட் நம்பத்தக்கது அல்ல, சில நேரங்களில் குறையக்கூடச் செய்யும் என்று கர்னலின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எதிர்மறை வித்தியாசம் வந்தால் பூஜ்யமாக வைத்துக்கொள்ள உங்கள் நிரல் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு ப்ராசஸுக்கான (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கான) சதவீதம். டாப் ஒரு கோரை 100 என்று கொள்வதால் நான்கு கோரில் ஒரு ப்ராசஸ் 400 வரை போகும். மொத்தத்தால் வகுத்துக் காட்டும் கருவிகளும் உண்டு. டாப்பிலேயே ஆங்கிலப் பெரிய ஐ (I) எழுத்தை அழுத்தினால் அப்படி மாறும். எந்த முறையை எடுத்தாலும் சரி, எதை எடுத்தீர்கள் என்பதை உதவிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இடைவெளி எவ்வளவு என்ற கேள்விக்கு வருகிறேன். "எவ்வளவு அடிக்கடி அளக்கிறோமோ அவ்வளவு துல்லியம்" என்று தோன்றும். அலகே 10 மில்லிநொடி என்னும்போது, 100 மில்லிநொடிக்கு ஒருமுறை அளந்தால் ஒரு கோருக்குப் பத்து அலகுதான் கிடைக்கும். அப்படியானால் உங்கள் சதவீதம் பத்துப் பத்தாகத்தான் தாவும். அதற்கு இரண்டு தசம இடம் போட்டு 37.42 என்று காட்டினால் அது அலங்காரம். மறுபக்கம், ஒரு நொடி சராசரியில் 50 மில்லிநொடி நேரம் முழு வேகத்தில் ஓடிய வேலை வெறும் 5 சதவீதமாகக் கரைந்துவிடும். மனிதக் கண்ணுக்கு ஒன்று அல்லது இரண்டு நொடி போதும் என்பது என் பழக்கம். சின்ன வெடிப்புகளைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகமாக அளப்பதைவிட, கர்னலே காத்திருப்பு நேரத்தைச் சேர்த்துக் கொடுக்கும் பிரஷர் கோப்புகளைப் பாருங்கள். 4.20 கர்னலில், 2018-இல் வந்தவை. சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் "வேலை இருந்தும் ப்ராசஸ்கள் எத்தனை சதவீத நேரம் காத்திருந்தன" என்று 10, 60, 300 நொடி சராசரிகளாகத் தரும். அதே வரியில் மைக்ரோநொடியில் ஒரு மொத்தமும் இருக்கும், அதை நீங்களே கழித்துக்கொள்ளலாம். புதிதாகக் கருவி எழுதுகிறவர்கள் லோட் ஆவரேஜை (ஓடும், ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கையை) முதல் வரியில் போடுவதைப் பார்க்கிறேன். லினக்ஸில் அந்த எண்ணுக்குள் டிஸ்க்குக்காக அசையாமல் காத்திருக்கும் ப்ராசஸ்களும் 1993 முதல் சேர்ந்தே வருகின்றன, அதனால் அதை வைத்து சிபியு பற்றி மட்டும் பேச முடியாது. இடம் குறைவென்றால் லோடை விட்டுவிட்டு பிரஷரைப் போடுவேன்.

இடைவெளியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "ஒரு நொடி தூங்கு, படி, கழி" என்று எழுதிவிட்டு, கடந்தது ஒரு நொடி என்றே வைத்துக்கொண்டு வகுப்பது. சுமை கூடிய கணினியில் உங்கள் கருவியும் காத்திருக்கும், 1.3 நொடி கடந்திருக்கும். நெட்வொர்க் வேகம் முப்பது சதவீதம் கூடித் தெரியும். அதுவும் யாராவது பார்க்கிற நேரத்தில், அதாவது கணினி திணறும்போது. ஆகவே ஒவ்வொரு முறையும் பின்னால் போகாத மோனோடானிக் கடிகாரத்தைப் படித்து உண்மையில் கடந்த நேரத்தால் வகுங்கள். நாள், மணி காட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள், நேரத்தைத் திருத்தும் சேவை அதைப் பின்னால் தள்ளிவிடக்கூடும். நேரமுத்திரையாக அச்சிடுவதற்கு மட்டும் சுவர்க் கடிகாரம்.

எண்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. என் மனதில் அவற்றுக்கு மூன்று தட்டுகள் உண்டு. கர்னல் தானே எண்ணிவைத்த பைட்டுகள், பாக்கெட்டுகள், மெமரிப் பக்கங்கள் எல்லாம் முதல் தட்டு. தவறு வந்தால் பெரும்பாலும் நாம் படித்ததில்தான் தவறு. மெமரிக் கணக்கு இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பில் கேபி என்று எழுதியிருப்பது உண்மையில் 1024 பைட். டிஸ்க் கணக்கு இருக்கும் டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பில் செக்டர் என்பது டிஸ்க் எதுவாக இருந்தாலும் 512 பைட். டிஸ்க்கின் 4096 பைட் செக்டரால் பெருக்கிவிட்டு "என் டிஸ்க் எட்டு மடங்கு வேகம்" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. காலியான மெமரி என்று மெம்ஃப்ரீயைக் காட்டாதீர்கள். கோப்புத் தற்காலிகச் சேமிப்பு அதைத் தின்றுவிட்டிருக்கும், தேவைப்பட்டால் திருப்பியும் தந்துவிடும். 2014-இல் 3.14 கர்னலில் சேர்ந்த மெம்அவெய்லபிள்தான் நீங்கள் காட்ட வேண்டியது. அதுகூட ஒரு மதிப்பீடுதான், என்றாலும் நாம் நமக்குத் தோன்றியபடி கூட்டிக் கழிப்பதைவிட நல்ல மதிப்பீடு.

இரண்டாவது தட்டில், எண் சரி, ஆனால் பெயர் ஏமாற்றும். டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம் என்று ஐஓஸ்டாட் கட்டளை காட்டினால் டிஸ்க்கால் இதற்கு மேல் வேலை தாங்க முடியாது என்று படிக்கிறோம். அந்த எண் சொல்வது, குறைந்தது ஒரு கோரிக்கையாவது நிலுவையில் இருந்த நேரம் எவ்வளவு என்பதை மட்டும். சுழலும் பழைய டிஸ்க்குக்கு அது ஓரளவு பொருந்தும். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை ஏற்கும் என்விஎம்இ டிஸ்க்குக்குப் பொருந்தாது. பத்து ஜன்னல் உள்ள டிக்கெட் அலுவலகத்தில் ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டே இருந்தாலும் "அலுவலகம் நூறு சதவீதம் பிஸி" என்று பலகை வைப்பது போல. என்விடியா கருவி காட்டும் ஜிபியு பயன்பாடும் இதே குடும்பம்: அளந்த காலத்துண்டில் ஏதாவது ஒரு கெர்னலாவது (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்; லினக்ஸ் கர்னல் அல்ல) ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் சதவீதம் அது. ஜிபியுவின் மூலையில் ஒரு சின்ன வேலை விடாமல் ஓடினால் போதும், 100 காட்டும். இந்த எண்களை மறைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்றையும் வையுங்கள்: டிஸ்க்குக்குச் சராசரிக் காத்திருப்பு நேரமும் வரிசை நீளமும், ஜிபியுவுக்கு அது இழுக்கும் வாட் அளவும் கடிகார வேகமும். ஜிபியு 100 சதவீதம் என்கிறது, ஆனால் வாட் அதன் வரம்பில் கால்வாசிகூட இல்லை என்றால் பார்ப்பவருக்கே விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது தட்டு சென்சார்கள். இங்கேதான் நான் நன்றாக அடி வாங்கினேன். சென்சார் அளவுகள் இருக்கும் ஹெச்டபிள்யூமான் அடைவில் ஒவ்வொரு சிப்புக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள், வெப்பநிலை மில்லி டிகிரி செல்சியஸில் இருக்கும். 47000 என்றால் 47 டிகிரி. எண் இரண்டு உள்ள அடைவுதான் சிபியு என்று பார்த்து வைத்து, அந்தப் பாதையை அப்படியே ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிட்டேன். கர்னலைப் புதுப்பித்த பிறகு டிரைவர்கள் ஏறிய வரிசை மாறி, எண் இரண்டு என்விஎம்இ டிஸ்க்குக்குப் போய்விட்டது. பல வாரங்கள் சிபியு 41 டிகிரியில் குளிர்ச்சியாக இருப்பதாக வரைபடம் அழகாக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கணினி வெப்பத்தால் வேகம் குறைந்து திணறும்போதும் அதே 41. அப்புறம்தான் சந்தேகம் வந்தது. ஆகவே எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அடைவுக்குள் இருக்கும் நேம் கோப்பையும் லேபிள் கோப்பையும் படித்து அடையாளம் காணுங்கள். இன்டெல் என்றால் கோர்டெம்ப், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் என்று இருக்கும். அடையாளம் கண்ட பிறகும் எண்ணை அப்படியே ஏற்க முடியாது: ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளில் டிசிடிஎல் என்று வரும் அளவு உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருந்தார்கள், ஃபேன் கட்டுப்பாட்டுக்காக. வெப்பம் உண்மையிலேயே பாதிக்கிறதா என்று தெரிய, இன்டெல் கணினிகளில் தெர்மல் த்ராட்டில் என்ற அடைவில் வேகம் குறைக்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை இருக்கிறது. டிகிரியைவிட அந்த எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்ப்பது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மின்சாரமும் இதே தட்டுதான். இன்டெல் செயலியின் மின்செலவை எண்ணும் ராப்ல் கவுண்ட்டர் மைக்ரோஜூலில் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும். வித்தியாசத்தை நேரத்தால் வகுத்தால் வாட். அது செயலிக்குள் நடப்பது மட்டும். சுவரிலிருந்து கணினி இழுக்கும் மின்சாரம் அல்ல. ஒரு வரம்பைத் தொட்டதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், வரம்பு எவ்வளவு என்பது பக்கத்துக் கோப்பிலேயே இருக்கும். பல கணினிகளில் சுமார் 2,62,143 ஜூல். 100 வாட் இழுக்கும் செயலியில் 44 நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். சுற்றைக் கவனிக்காத கருவி 44 நிமிடத்துக்கு ஒருமுறை கழித்தல் குறியோடு வாட் காட்டும், அல்லது குறியில்லாத எண் வகை என்றால் ஓர் அணுமின் நிலையம் அளவுக்குக் காட்டும். 2020-இல் பிளாட்டிபஸ் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதிலிருந்து இந்தக் கோப்பை ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) மட்டுமே படிக்க முடியும். அதற்காகக் கருவி முழுவதையும் ரூட்டாக ஓட்டச் சொல்லாதீர்கள். "அனுமதி இல்லை" என்று அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டு மற்றதைக் காட்டுங்கள்.

இங்கேதான் வடிவமைப்பில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி வருகிறது: இல்லாததை பூஜ்யம் என்று காட்டக் கூடாது. ஃபேன் சென்சாரே இல்லாத கணினியில் 0 சுற்று என்று காட்டினால், ஃபேன் நின்றுபோய்விட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். மதிப்பு, அலகு, அளந்த நேரம், நிலை நான்கையும் சேர்த்தே உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். நிலை என்பது "சரி, சென்சார் இல்லை, அனுமதி இல்லை, இன்னும் இரண்டாம் மாதிரி வரவில்லை, படிப்பதில் பிழை" என்று ஐந்தாறு வகை. நிலை "சரி" இல்லையென்றால் திரையில் ஒரு கோடு, இயந்திரம் படிக்கும் ஜேசன் வடிவத்தில் நல் (மதிப்பு இல்லை என்ற குறி). சதவீதத்தை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கச்சா எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டால், நாளைக்குச் சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது. படிக்கும் பகுதி, கழித்துக் கணக்கிடும் பகுதி, காட்டும் பகுதி மூன்றையும் பிரித்து எழுதச் சொல்வதும் இதனால்தான். படிக்கும் பகுதிக்கு ப்ராக், அதைப் போன்ற சிஸ் ஆகிய அடைவுகளின் வேரை மாற்றிக் கொடுக்கும் ஒரு தெரிவு வைத்துவிட்டால், வேறொருவரின் கணினியிலிருந்து வந்த கோப்பு நகல்களை வைத்து உங்கள் மேசையிலேயே பிழையைத் திரும்ப வரவைக்கலாம். உங்களிடம் இல்லாத வன்பொருளுக்கும் அப்படித்தான் சோதனை எழுத முடியும்.

கருவி தானே எவ்வளவு தின்கிறது என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு ப்ராசஸின் மெமரி விவரம் இருக்கும் ஸ்மாப்ஸ் கோப்பையும் நொடிக்கு ஒருமுறை படித்தால், அளக்கும் கருவியே பட்டியலில் முதலிடத்துக்கு வரும், 4.14 கர்னலில் வந்த, கூட்டுத்தொகையை மட்டும் தரும் ஸ்மாப்ஸ் ரோலப் கொஞ்சம் மலிவு. டிஸ்க் வெப்பநிலை கேட்கப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை எழுப்பிவிடாதீர்கள், ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. ஜிபியுவுக்கு நொடிதோறும் என்விடியா கட்டளையைப் புதிதாகத் தொடங்காமல் அதே நிறுவனத்தின் என்விஎம்எல் லைப்ரரியை ஒருமுறை திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னருக்குள் (ஒரே கணினியில் நிரல்களைப் பிரித்து வைக்கும் உறைக்குள்) ஓடினால் ப்ராக் ஸ்டாட் முழுக் கணினியின் கணக்கைத்தான் சொல்லும். கன்டெய்னருக்கு ஒதுக்கிய பங்கு தெரிய அந்தப் பங்கீட்டைக் கவனிக்கும் சிகுரூப் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

திரை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதலில் வரி வரியாக அச்சிடும் வடிவத்தை முடியுங்கள், நிறமும் பட்டைகளும் அதற்கு மேல் ஏறட்டும். வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, பைப் வழியாக இன்னொரு கட்டளைக்குப் போகிறதா என்று பார்த்து, பைப் என்றால் நிறக் குறிகளை நிறுத்துங்கள், ஒவ்வொரு வரி முடிந்ததும் ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது தேக்கி வைக்காமல் உடனே வெளியே தள்ளுங்கள். இல்லாவிட்டால் வரிகளைத் தேடும் கிரெப்போடு சேர்த்து ஓட்டுகிறவர் ஒன்றும் வராமல் காத்துக்கொண்டிருப்பார். இயந்திரம் படிக்கும் வடிவத்தில் 1.2ஜி என்று சுருக்காமல் முழு பைட் எண்ணாகவே கொடுங்கள். பிழைச் செய்திகள் ஸ்டாண்டர்ட் எரருக்கு. எல்லை தாண்டினால் எச்சரிக்கும் வசதி வைத்தால் முடிவுக் குறியீடுகள் 0 சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை என்று நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் வழக்கப்படி இருக்கட்டும், பலருடைய அமைப்பில் அப்படியே பொருந்தும். முழுத்திரை வடிவம் எழுதும்போது கன்ட்ரோல் சி அழுத்தினாலும், நிரல் நடுவில் விழுந்தாலும், டெர்மினலைப் பழையபடி திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மொழி? உங்களுக்கு எது கைவருமோ அது. நொடிக்கு ஒருமுறை பத்திருபது கோப்பு படிப்பதற்குப் பைத்தான் தாராளமாகப் போதும். ஒரே பைனரியாக எல்லா சர்வரிலும் போட்டுவிட வேண்டுமென்றால் கோ அல்லது ரஸ்ட். ஆனால் லினக்ஸின் பெர்ஃப் வசதி வழியாக கேஷ் தவறல், ஒரு சுற்றுக்கு எத்தனை கட்டளை போன்ற வன்பொருள் கவுண்ட்டர்களைத் தொடப் போகிறீர்கள் என்றால் அதை இரண்டாம் பதிப்புக்குத் தள்ளிவையுங்கள். செயலியில் அந்த கவுண்ட்டர்கள் சிலவே உண்டு. நீங்கள் அதற்கு மேல் கேட்டால் கர்னல் முறை வைத்து மாற்றி மாற்றி எண்ணும், எண்ணப்பட்ட நேரத்தை வைத்து விரிவாக்கிக் கொள்வது உங்கள் பொறுப்பு. அப்போது முதல் தட்டில் இருந்த எண் மதிப்பீடாக இறங்கிவிடும், அதையும் பக்கத்தில் குறிப்பிட வேண்டியிருக்கும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் கருவியிலும் ஹெச்டாப்பிலும் இடைவெளியை இரண்டு நொடி என்று வைத்து, ஒரு கோரை மட்டும் முழுவதும் தின்னும் சின்ன லூப் ஒன்றை ஓட்டுங்கள். நான்கு கோரில் இரண்டுமே 25-ஐ ஒட்டி வர வேண்டும். உங்களுடையது மட்டும் விலகினால், அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளின் ஸ்டாட் முதல் வரியையும் இடையில் கடந்த நேரத்தையும் அப்படியே போடுங்கள், கழித்துப் பார்த்துச் சொல்கிறேன்.